ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம்



"பையனுக்கு எடை குறைய வயித்துல ஆபரேஷன் பண்ணலாம்கிறாங்க. வயித்தையே வெட்டிட்டா அப்புறம் எப்படிங்க சாப்பிடுவான்?" சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு வாசகி போனில் கேட்டார். நியாயமான கேள்விதானே?

வயிறு முழுக்கப் போவதில்லை. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கிற மேல்பகுதியும் போய்விடுவதால், பசியே அடங்குகிறது. 'பைபாஸ்' முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். பலருக்கு எடை பெரிதாக இறங்கும் முன்பே சர்க்கரை கட்டுக்கு வந்துவிடுகிறது.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு? முதலில் நீர் ஆகாரம், அப்புறம் மசித்தது. ஒரு இட்லியை இருபது நிமிஷம் மென்று தின்ன வேண்டியிருக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரமாவது போகட்டும். தட்டில் முட்டை, மீன், பருப்புக்குத்தான் முதலிடம். சோறு கடைசியில், இடமிருந்தால். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும் தொடரும்.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். "என்னடா, ரெண்டு வாய்கூட இறங்கலையே" என்று இன்னொரு கரண்டி வைக்காத அம்மா உண்டா? அந்தக் கரண்டி வாந்தியில் முடியும். மறுபக்கம், ஜூஸும் ஐஸ்கிரீமும் சின்ன வயிற்றிலும் சுலபமாக வழுக்கி இறங்கும். போன எடை திரும்புவதும் அப்படித்தான்.

இந்த ஆபரேஷன் அழகு சிகிச்சை இல்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகர் மருத்துவமனை ஒன்றில் இந்த ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. அனுபவமுள்ள இடங்களில் ஆபத்து குறைவுதான். ஆனாலும் விளம்பரத்தின் 'முன்–பின்' படங்களைப் பார்த்து முடிவெடுக்கலாமா? ஐசியூ இருக்கிறதா, இதயத்தையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதையும் சோதித்தார்களா, ஒரு வருஷம் கழித்தும் இதே டாக்டர் பார்ப்பாரா? தயங்காமல் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். பொதுவாக பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40, அல்லது சர்க்கரை போன்ற கடும் தொல்லையோடு 35 இருந்தால்தான் பணம் தருவார்கள். காத்திருப்புக் காலமும் இருக்கலாம்.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் எழுதுங்களேன். அந்த வாசகிக்கு உங்கள் வீட்டுச் சமையல் விவரம் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்