ஒடிக்க இடம் இருக்கிறதா?

போன வாரம் காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு உலு திராமிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். பாட்டு கேட்பதற்காக இல்லை. "அக்கா, நீங்க பத்திரிகையில கார் பத்தி எழுதுறீங்கல்ல? என் செஃபிரோ டிரிஃப்ட் அடிக்கும்போது பாதியிலேயே சுத்திடுது. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சாலும் பத்தல. ஆங்கிள் கிட் வாங்கட்டுமா, இல்ல நக்கலை வெட்டி ஒட்டிடட்டுமா?" பின்னால் அவருடைய அம்மா, "காலங்காத்தால யாருகிட்டடா நக்கல் பண்ணிக்கிட்டு இருக்க?" என்று கேட்டதும் எனக்குக் கேட்டது.

முதலில் அம்மாவுக்குப் பதில். இந்த நக்கல் கிண்டல் இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பாகத்துக்குப் பட்டறைகளில் அதுதான் பெயர். அதிலிருந்து நீளும் சின்னக் கை ஒன்றை டைராட் இழுக்கும்போதுதான் சக்கரம் திரும்புகிறது. உங்கள் மகன் வெட்டி ஒட்டப் பார்ப்பது அந்தக் கையை. காலை நேரத்தில் நீங்கள் கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

இப்போது தம்பிக்கு. டிரிஃப்ட் என்றால் பின்சக்கரங்கள் பிடிப்பை விட்டு வெளிப்பக்கம் வழுக்க, கார் பக்கவாட்டில் போவது. கார் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், முன்சக்கரங்கள் மட்டும் கார் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையையே பார்க்க வேண்டும். அதனால்தான் வளைவு வலப்பக்கம் இருக்க, ஓட்டுநர் இடப்பக்கம் ஒடித்துக்கொண்டிருப்பார். கார் 30 டிகிரி சாய்வாகப் போனால் சக்கரமும் ஏறக்குறைய அவ்வளவு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். சாதாரணக் காரில் சக்கரம் சுமார் 35 டிகிரிக்கு மேல் திரும்பாது. பின்பக்கம் அதையும் தாண்டி வெளியே வந்துவிட்டால் உங்கள் கையில் ஒடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கார் சுற்றிவிடும்.

போட்டிக் கார்களில் இந்த அளவு 60 டிகிரியையும் தாண்டும். படத்தில் பார்க்கும்போது முன்சக்கரம் கழன்று விழப்போவதுபோல் தெரியும். பார்க்க அழகுதான், நம் பிள்ளைகள் ஆசைப்படுவதும் அந்த அழகுக்குத்தான். ஆனால் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் டிகிரி அழகுக்கு இல்லை. தப்பாகிப்போன வழுக்கலிலிருந்து திரும்பி வருவதற்கு. ஆங்கிள் கூடினால் டிரிஃப்ட் வந்துவிடாது, வந்த டிரிஃப்டைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது? மலிவான வழி, ஸ்டீயரிங் ராக்குக்கும் டைராடுக்கும் நடுவே ஒரு வளையம் போடுவது. ராக் இன்னும் சில மில்லிமீட்டர் நகரும், சக்கரம் சில டிகிரி கூடுதலாகத் திரும்பும். தொடக்கக்காரருக்கு இது போதும் என்பது என் எண்ணம். வளையம் ரொம்பத் தடித்துவிட்டால் டைராட் மரை பிடிக்கும் நீளம் குறைந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது நம் நக்கல். அதன் கையைக் குட்டையாக்கினால், ராக் அதே தூரம் நகர்ந்தாலும் சக்கரம் அதிகமாகத் திரும்பும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் வேகமாக வேலை செய்யும். நல்ல கிட்டில் இதற்கென்றே செய்த நக்கலும் நீளமான லோவர் ஆர்மும் சேர்ந்து வரும். ஆர்ம் நீண்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், திரும்பும்போது டயர் உள்பக்கச் சட்டத்தில் இடிக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரணக் காரில் வளைவின் உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், ஏனென்றால் அது போகும் வட்டம் சின்னது. டிரிஃப்டில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் போகின்றன. அப்போது இந்த வித்தியாசம் ஒரு டயரை வீணாகத் தேய்த்துக் காரை இழுத்துப் பிடிக்கும். கிட் செய்பவர்கள் இரண்டையும் இணையாகத் திருப்ப மெனக்கெடுவது அதனால்தான். இரண்டு நக்கலையும் கண்ணளவில் வெட்டி ஒட்டினால் இந்தக் கணக்கு வருமா?

கணக்குகூடப் போகட்டும். ஒட்டிய இடம் வெடித்தால்? அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். காலியான மைதானத்தில் என்றால் கார் நிற்கும், நண்பர்கள் சிரிப்பார்கள். பாசீர் கூடாங் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே என்றால்? இந்தத் தம்பி சனிக்கிழமை இரவு டிரிஃப்ட் அடிக்கும் காரில்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார். வெட்டி ஒட்டிய நக்கல், சாலையில் ஓடும் காருக்கு வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

இனி சஸ்பென்ஷன். ஷாப்பிங் டிராலியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். தள்ளும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்ளும். காரின் முன்சக்கரத்துக்கும் அந்தக் குணம் உண்டு, அதைக் கொடுக்கும் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். காஸ்டர் போதுமான அளவு இருந்தால், பின்பக்கம் வழுக்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங் தானே எதிர்ப்பக்கம் சுழலும். தேர்ந்த ஓட்டுநர்கள் கையை விட்டுவிட்டுப் பிறகு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது வித்தை காட்டுவது இல்லை. காஸ்டர் வேலை செய்கிறது.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் காரியம், பின்பக்க ஸ்பிரிங்கைக் கல்போல் ஆக்குவது. சுலபமாக வழுக்கும் என்று நினைப்பு. போட்டிக்காரர்கள் செய்வதோ நேர் எதிர். பின்டயர் தரையில் முழுதாகப் படிய வேண்டும், நல்ல பிடிப்பு வேண்டும், அந்தப் பிடிப்பை எஞ்சின் சக்தியால் உடைக்க வேண்டும் என்பார்கள். வழுக்குவதற்குப் பிடிப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பிடிப்பு இல்லாத கார் சுற்றும், முன்னே போகாது. நிஸ்ஸான் சில்வியா வகைக் கார்களுக்கு விற்கும் கோய்லோவர்களில் முன்பக்கம் 8 கிலோ, பின்பக்கம் 6 கிலோ ஸ்பிரிங் சாதாரணமாகக் கிடைக்கும். பின்பக்கம்தான் மென்மை என்பதைக் கவனியுங்கள். செஃபிரோ ஏ31 இந்தச் சில்வியாவின் உறவுக்கார், பின்சக்கர இழுவை. நம் நாட்டுப் பிள்ளைகள் அதைத் தேடி அலைவதற்குக் காரணமே அதுதான். அடுத்து வந்த ஏ32 முன்சக்கர இழுவை. பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு.

இன்னொன்று, காரை அளவுக்கு மீறித் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தத் தாழ்த்த டைராட் மேல்நோக்கிச் சாயும். அதன் பிறகு ஒவ்வொரு குழியிலும் கார் தானே கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். நம் தாமான் சாலைகளில் குழிக்கா பஞ்சம்?

அந்தத் தம்பியின் காருக்கு 30 வயதுக்கு மேல் ஆகிறது. அவரைவிட மூத்தது. அதன் ரப்பர் புஷ்கள் எப்போது மாற்றியவை என்று கேட்டேன். "மாத்தணுமா அக்கா?" என்றார். பழைய புஷ், ஆடும் பால் ஜாயிண்ட், ஒழுகும் அப்சோர்பர் இவற்றை வைத்துக்கொண்டு ஆங்கிள் கிட் போடுவது, ஆட்டம் கண்ட பல்லுக்குத் தங்க உறை போடுவதுபோல. சம்பளம் எவ்வளவு வந்தாலும் முதல் செலவு இதற்குத்தான். பிறகு அலைன்மெண்ட். கிட் அதற்குப் பிறகு. ஹாஃப்கட் கடையில் ஜப்பானிலிருந்து வந்த ராக்கோ நக்கலோ வாங்கினால் அதையும் கழற்றிச் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் இருக்கிறது. ஜொகூரில் இதற்கு வரலாறு இல்லாமல் இல்லை. பாசீர் கூடாங் பந்தயத் தடம் 1986இல் திறக்கப்பட்டது, 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கே நடந்தது. மறு வருடம் செப்பாங் திறந்ததும் பெரிய போட்டிகள் அங்கே போய்விட்டன. டிரிஃப்ட் இளவரசர் என்று பெயரெடுத்த தெங்கு ஜான் லே போன்றவர்கள் இந்த நாட்டிலிருந்தே வந்தவர்கள்தான், ஆனால் அது மூடிய தடத்தில் சம்பாதித்த பெயர். செப்பாங் ஜொகூர் பாருவிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், நுழைவுக்கும் டயருக்கும் செலவு. அதனால்தான் தொழிற்பேட்டைச் சாலைகளில் நள்ளிரவில் டயர் சத்தம் கேட்கிறது. பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்ற குறை நியாயமானது. அதற்காக, ஓரத்தில் கைப்பேசியோடு நிற்கும் பையன்களை நோக்கி ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பைப் பக்கவாட்டில் ஓட்டுவது நியாயம் ஆகிவிடாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, ஆபத்தாக ஓட்டினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பெற்றோர் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் இதைச் செய்கிறாய்?" என்பதல்ல, "எங்கே செய்கிறாய்?" என்பது.

கிட் போட்ட யாரும் தடத்துக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீயரிங்கை ஒரு கோடிக்கு ஒடித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் இன்னும் அழுத்திப் பாருங்கள். டைராடும் நக்கலின் கையும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடுகிறதா? வந்தால், ஓட்டும்போது சக்கரம் அந்தக் கட்டத்தைத் தாண்டி மாட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பி வராது. ராக்கின் நகர்வைக் குறைத்தே ஆக வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு லோவர் ஆர்முக்குக் கீழே ஜாக் வைத்து, கார் தரையில் நிற்கும் உயரத்துக்குச் சக்கரத்தை ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். தொங்கும் சக்கரத்தில் உரசாத டயர் அங்கே உரசும்.