மொட்டு என்று அழைக்க வேண்டாம்

1910-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாரணியர் இயக்கம் தோன்றியபோது, தமக்கையரின் சீருடையையும் அணிவகுப்பையும் கண்டு ஆசைகொண்ட சிறுமியர் தாங்களும் அதில் சேர வேண்டுமென்று விரும்ப, அவர்களுக்கென 1914-இல் ஒரு கிளை வகுக்கப்பட்டு, அதற்கு 'ரோஜா மொட்டுகள்' என்ற நாமமும் சூட்டப்பட்டது. பெரியவர்களின் காதுக்கு அது எவ்வளவோ இனிமையாக ஒலித்திருக்கும். ஆனால் அந்தச் சிறுமியருக்கோ அது பிடிக்கவில்லை. மறு வருஷமே அப்பெயர் கைவிடப்பட்டு, வீட்டார் உறங்கும் வேளையில் ஓசையின்றி வந்து வேலைகளை முடித்துவிட்டுப் போவதாக அந்நாட்டுக் கதைகள் கூறும் குள்ளத் தேவதைகளின் பெயரால், 'பிரவுனி' என்று அவர்கள் அழைக்கப்படலாயினர். மொட்டு பிறர் பார்த்து மகிழ்வதற்கு உரியது. பிரவுனியோ தானே எழுந்து காரியம் செய்வது. தன்னை ரசிப்பதற்குரிய பொருளாகக் கருதும் பெயரை ஏற்க எட்டு வயதுச் சிறுமிக்கும் மனம் ஒப்புவதில்லை என்னும் உண்மை அன்றே தெளிவாகிவிட்டது.

இளையோருக்குப் பணிபுரியும் தர்ம ஸ்தாபனங்கள் தங்களுக்கு ஒரு சின்னமும், அதற்கேற்ற வர்ணமும் சித்திரமும் எழுத்தும் அமைத்துக்கொள்ள முற்படும்போது, பெரும்பாலும் இந்தப் பாடத்தையே மறந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஒரே சின்னத்தை இரண்டு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன: ஒன்று, பொருள் கொடுப்பவருடையது, மற்றொன்று, உதவி நாடும் பிள்ளையுடையது. கொடுப்பவரின் உள்ளம் உருக வேண்டுமென்று கலங்கிய கண்களையும் ஏந்திய கைகளையும் வரைந்துவிட்டு, அதே படத்தைப் பதினான்கு வயதுச் சிறுவன் படிக்கும் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டு அவன் கையில் கொடுத்தால், தன் தோழர்கள் எதிரில் அவன் அதை மடித்து மறைக்க மாட்டானா? ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989-இலேயே, இரக்கத்தைத் தூண்டுவதற்காக மனிதரின் கௌரவத்தைக் குலைக்கும் படங்களைத் தவிர்க்குமாறு தமக்குள் ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டன. நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை அதன் 74-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. சட்டம் தடுப்பது அடையாளத்தை வெளியிடுவதையே. முகம் காட்டாமலே ஒரு பிள்ளையை எளியனாக்கிவிடும் சித்திரத்தைத் தடுக்க வேண்டியது நமது மனச்சாட்சி.

இரண்டாவது பிழை, இளமை என்பதை ஒரே பருவமாகக் கருதுவது. குழந்தையின் வளர்ச்சியை நுட்பமாகக் கண்ட நம் முன்னோர், பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தில், 3-ஆம் மாதம் முதல் 21-ஆம் மாதம் வரையில் இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாகப் பத்துப் பருவங்கள் வகுத்து, தலையை நிமிர்த்தி ஆடும் பிள்ளைக்குச் செங்கீரை என்றும், கைகொட்டும் பிள்ளைக்குச் சப்பாணி என்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாட்டமைத்தார்கள். அவ்வளவு நுட்பம் வாய்ந்த மரபில் வந்த நாம், ஆறு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயது யுவதிக்கும் ஒரே பலூனையும் ஒரே வானவில்லையும் வரைந்து கொடுப்பது எவ்விதத்தில் பொருந்தும்?

சாரணர் இயக்கம் இவ்விஷயத்தில் காட்டிய விவேகம் கருதத்தக்கது. சிறுவர்களுக்கென 1916-இல் தொடங்கிய பிரிவுக்குக் கிப்ளிங்கின் காட்டுக் கதையிலிருந்து ஓநாய்க் குட்டியின் பெயரை எடுத்து, இரு விரல்களைக் குட்டியின் இரு செவிகளைப் போல நிமிர்த்திச் செய்யும் வணக்கத்தையும் வகுத்தார் இயக்கத்தின் ஸ்தாபகர் பேடன் பவல். வளர்ந்த சாரணனின் சின்னத்திலோ விலங்கு இல்லை. திசைகாட்டியில் வடக்கைக் குறிக்கும் மலர்முனையும் மூன்று விரல் வணக்கமும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் குருளையர், நீலப்பறவையர், சாரணர், சாரணியர், திரிசாரணர் என்று பருவத்துக்கொரு பெயர் வழங்குவதை நாம் அறிவோம். ஆங்கில நாட்டுக் குள்ளத் தேவதையைக் கேட்டறியாத நம் சிறுமிக்குப் பறவையே பொருத்தம். ஏழு வயதில் குட்டியாயிருப்பது பெருமை. பதின்மூன்று வயதில் அதுவே அவமானம். ஒரு படியை விட்டு அடுத்த படிக்கு ஏறியதைச் சட்டையில் தைத்த சின்னமே உலகுக்குச் சொல்லுமானால், அதனினும் பெரிய உற்சாகம் ஒரு பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? சீருடையும் என்றென்றைக்கும் நிலையானதன்று. பிரிட்டிஷ் சாரணர் 1967-இல் அரைக்கால் சட்டையை விட்டு முழுக்கால் சட்டைக்கு மாறினார்கள். பெரியவர்கள் போற்றிய மரபு வளரும் வாலிபனின் கூச்சத்துக்கு வழிவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். வயதுக்கொரு சின்னம் வைத்தால் ஸ்தாபனத்தின் முகம் சிதறிப்போகாதா, செலவும் பெருகாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே தாயின் மக்கள் ஒரே சட்டை அணிந்தால்தான் உடன்பிறந்தார் என்பதில்லை. சாயல் இருந்தால் போதும். பிரிட்டனில் குழந்தைக் கொடுமையைத் தடுக்கப் பாடுபடும் சங்கம், சின்னஞ்சிறு பிள்ளைகள் தம் உடலைக் காத்துக்கொள்ளக் கற்பிப்பதற்கு மஞ்சள் நிற டைனோசர் ஒன்றைப் பாட வைத்திருக்கிறது. அதே சங்கம் நடத்தும் 'சைல்டுலைன்' என்னும் உதவிச் சேவையோ வேறு பெயரும் வேறு தோற்றமும் பூண்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தனிப் பகுதியும் வைத்திருக்கிறது. துயரத்தைச் சொல்ல வரும் பதினாறு வயதுப் பிள்ளையின் முன் டைனோசரை நிறுத்தினால், அவன் வாய் திறப்பதெப்படி?

எது பொருந்தும் என்பதை அறிய ஒரு வழிதான் உண்டு: பிள்ளைகளையே கேட்பது. சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைகளின் தசாப்தமாக அனுசரித்தபோது, யூனிசெப் 'மீனா' என்னும் சிறுமியைச் சித்திரப் படமாக உருவாக்கியது. ராம் மோகன் போன்ற தேர்ந்த சித்திரக்காரர் இருந்தும், அவளது முகமும் உடையும் ஓவியர் அறையிலேயே முடிவாகிவிடவில்லை. பங்களாதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளின் சிறாரிடமும் பெற்றோரிடமும் படங்களைக் காட்டி, அவர்கள் 'இவள் எங்கள் ஊர்ப் பெண்' என்று ஏற்கும் உருவம் தேடிக் கண்டெடுக்கப்பட்டது. ராஜு என்ற தம்பியும் மிட்டு என்ற கிளியும் உடன்வர, மீனா எங்கும் கையேந்தி நிற்பதில்லை. கேள்வி கேட்கிறாள், யோசனை சொல்கிறாள்.

இவையெல்லாம் வசதி படைத்த ஸ்தாபனங்களுக்கே இயலும் என்று சோர்வடைய வேண்டுவதில்லை. ஜெரூ பில்லிமோரியாவின் முயற்சியால் 1996-இல் மும்பையில் தொடங்கி, பின்னர் தேசமெங்கும் பரவிய குழந்தைகள் உதவித் தொலைபேசியின் எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கு வரிசையில் எண்ணத் தெரிந்தால் போதும்; எழுத்தறியாத தெருப் பிள்ளையின் நெஞ்சிலும் அது நின்றுவிடும். அதில் அழுகை இல்லை, கொஞ்சல் இல்லை, இரக்கத்தைக் கோரும் பாவனையும் இல்லை. நடுநிசியில் ரயில் நிலையத்தில் தனித்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு நினைவு வர வேண்டியது அவ்வெண் ஒன்றுதான்; அதை வகுத்தவர்கள், கொடுப்பவரின் கண்ணை மறந்து, அந்தப் பிள்ளையின் ஞாபகசக்தியையே அளவுகோலாகக் கொண்டார்கள். சின்னம் அமைக்க அமரும் ஒவ்வொருவரும் முதலில் எடுக்க வேண்டிய அளவும் அதுவே.