பிள்ளை பெற்றதாலா வெள்ளம் வந்தது?

2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பேசிய பிரதமர், மக்கள்தொகை வெடிப்பு வருங்காலத் தலைமுறைக்குச் சிக்கல் என்றார். சிறு குடும்பம் வைத்திருப்பவர்கள் தேசபக்தர்கள் என்றார். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியிலிருந்து கேட்டு வரும் பாட்டுதான் இது. எங்கள் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பஸ்ஸில் ஏற முடியாவிட்டாலும் இதே பதில்: "ஜனம் பெருத்துப்போச்சு சார்."

தமிழ்நாட்டில் பிறப்பு பெருகவில்லை. இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு 2005-06இலும் சொன்னது, 2019-21இலும் சொன்னது. மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும்.

நெரிசலா? காலையில் மெட்ரோவில் இறங்கிக் கிண்டி தொழிற்பேட்டைக்கு நடக்கிறவர்களை எந்த ஊர் என்று கேளுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, ஒடிசா என்பார்கள். வேலையை ஓரிடத்தில் குவித்தால் ஆட்களும் அங்கேதான் வருவார்கள்.

வெள்ளத்துக்கும் இதே காரணத்தைச் சொல்வதுதான் பொறுக்க முடியாதது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அடையாறு கரை மீறித் தெருவுக்குள் வந்தது. வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால், வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் சேற்றில் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. அந்த ஆற்றின் மேல், எங்களுக்கு மேற்கே, விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையைக் கட்டியது ஏழை வீட்டு நாலாவது பிள்ளையா? ஏரி நீரைக் கையாண்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே குறை சொன்னது. மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. அதே செம்பரம்பாக்கம் 2019 கோடையில் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். ஊரை மூழ்கடித்த ஏரி மூன்றரை வருஷத்தில் காய்ந்ததற்கும் பிரசவ வார்டுக்கும் என்ன சம்பந்தம்? மழைநீரைத் தேக்கத் தெரியாததும், அது போகும் வழியில் கட்டிடம் கட்ட அனுமதி கொடுத்ததும்தான் சம்பந்தம்.

பிறப்புக் கட்டுப்பாட்டின் பாரமும் பெண் மேல்தான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்கள் பக்கம் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அப்படிப் பிறப்பைக் குறைத்த மாநிலம் இன்று மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்களின் பங்கு குறையும் என்று பதறுகிறது. பதற்றத்தில் தலைவர்கள் கூடுதலாகப் பெறச் சொல்கிறார்கள். அதுவும் தவறு, பெண்ணின் உடம்பு ஓட்டுக் கணக்குக்கு உரியதல்ல.

மேடையில் யாராவது ஜனத்தொகையைக் குறை சொன்னால், உங்கள் தெரு மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.