முகம் எத்தனை மில்லிமீட்டர் உயரும்?

கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், சாப்பாட்டு இடைவேளையிலேயே முகத்தைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்கிற விளம்பரங்கள் இப்போது கைப்பேசியைத் திறந்தாலே வந்து விழுகின்றன. தேக்காவில் நடந்தால் அழகு நிலையக் கதவுகளிலும் ‘லிஃப்ட்’ என்ற சொல் கண்ணில் படும். அறுவை சிகிச்சை இல்லாமல் சருமத்தை இறுக்கும் இந்தச் சிகிச்சைகளில் சில உண்மையிலேயே வேலை செய்கின்றன. ஆனாலும் ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி கட்டியவர்களில் பலர் முகம் வாடித்தான் திரும்புகிறார்கள். இதற்கான காரணம் இயந்திரத்தைவிட அந்தச் சொல்லில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து. லிஃப்ட் என்றதும் நம் ஊரில் யாருக்கும் பத்து மாடி ஏறும் மின்தூக்கிதானே நினைவுக்கு வரும்!

உண்மையான அளவு என்ன? மீயொலி அலைகளைக் குவித்துச் சருமத்தை இறுக்கும் அல்தெரா என்ற கருவிக்கு, புருவத்தை உயர்த்தும் பயன்பாட்டுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009ல் அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் அதுபற்றிய ஆய்வு வெளியானது. எந்தப் படம் முன்னது, எது பின்னது என்று தெரியாத மருத்துவர்கள் படங்களை ஒப்பிட்டார்கள். 35 பேரில் 30 பேருக்குப் புருவம் உயர்ந்திருந்தது. வெற்றிதான். ஆனால் 90 நாள் கழித்து அளந்தபோது கிடைத்த சராசரி உயர்வு 1.7 மில்லிமீட்டர். உங்கள் பணப்பையில் 20 காசு நாணயம் இருந்தால் எடுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான்.

1.7 மில்லிமீட்டரை நான் கேலி செய்யவில்லை. கண் இமைக்கு மேலே அது தெரியக்கூடிய மாற்றமே. ஆனால் விளம்பரத்தில் யாரும் 20 காசு நாணயத்தைக் காட்டுவதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எல்லை எங்கே என்பதும் புரியும். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளைக் கருக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் எல்லாரும் விளையாடியிருப்பார்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே கையை நீட்டினால் பெரிதாகச் சுடாது. குவியும் புள்ளியில் மட்டுமே சூடு. ஹைஃபு எனப்படும் குவித்த மீயொலியும் அப்படித்தான். மேல்தோலைச் சுடாமல் கடந்துபோய் 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் குவிந்து, அங்கே சின்னச் சின்னப் புள்ளிகளை 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறது. தெர்மாஜ் போன்ற கருவிகள் வானொலி அலைவரிசை மின்சாரத்தால் இன்னும் பரவலாகச் சூடேற்றுகின்றன. சூடு பட்டதும் கொலாஜன் என்ற புரத இழைகள் சுருங்கும். ஆட்டிறைச்சித் துண்டு குழம்பில் வெந்ததும் சிறுத்துப்போவதும் இதே கொலாஜன் சுருக்கத்தால்தான்.

முக்கியமான பலன் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சூடுபட்ட புள்ளிகளை உடல் காயமாக எண்ணிப் பழுதுபார்க்கிறது. புதுக் கொலாஜனை உருவாக்குகிறது. அதற்கு இரண்டு மூன்று மாதங்கள், சிலருக்கு ஆறு மாதங்கள்கூட ஆகும். அதாவது இயந்திரம் முகத்தைத் தூக்குவதில்லை. காயத்தை மட்டும் உண்டாக்குகிறது. மீதி வேலையை உங்கள் உடல் செய்ய வேண்டும்.

இங்கேதான் ஒரு கசப்பான முரண். உடலின் பழுதுபார்க்கும் திறன் வயதோடு குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சருமக் கொலாஜன் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். யாருக்கு இந்தச் சிகிச்சை மிகவும் தேவைப்படுகிறதோ, அவர்களிடமே அதற்கான மூலப்பொருள் குறைவு. 2014ல் வெளியான ஓர் ஆய்வில் முகத்தின் கீழ்ப்பகுதிக்குச் சிகிச்சை பெற்ற 93 பேரில் 58 விழுக்காட்டினரிடம் மட்டுமே ஆய்வாளர்கள் முன்னேற்றம் கண்டார்கள். ஐந்தில் இருவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. உடல் பருமன் கூடியவர்களுக்குப் பலன் இன்னும் குறைவாக இருந்தது. முன்பணம் வாங்கும் முகப்பில் இந்த ‘ஐந்தில் இருவர்’ பற்றிப் பேச்சே எழுவதில்லை.

தவிரவும், முகம் தொங்குவதற்குத் தோல் மட்டும் காரணமில்லை. வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பு வற்றிச் சரிகிறது, கண்குழி விரிகிறது, தாடை எலும்பும் சற்றுத் தேய்கிறது. பஞ்சு குறைந்துபோன தலையணையின் உறையை எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் தலையணை பழையபடி நிமிர்ந்து நிற்குமா? அறுவை சிகிச்சையில் மருத்துவர் தசைகளை மூடிய நார்ப்படலத்தையே இழுத்துப் பொருத்தி, மிஞ்சும் தோலை வெட்டி எடுக்கிறார். எந்த அலையாலும் தோலை வெட்டி எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, தவறான ஆழத்தில் சூடு வைத்தால் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் இன்னும் ஒட்டிப்போகலாம்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா, சாங்கி விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர், சிகிச்சை முடிந்த மூன்றாம் வாரம் மின்தூக்கியில் என்னை நிறுத்திக் கேட்டார்: “நீ சயின்ஸ் டீச்சர்தானேம்மா, நல்லாப் பார்த்துச் சொல்லு. முதல் வாரம் கன்னம் கும்முன்னு இருந்துச்சு. இப்ப இறங்கிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?” முதல் வாரம் அவர் பார்த்தது பெரும்பாலும் வீக்கம். சூட்டுக்காயத்தால் நீர் கோத்து, தோல் விறைப்பாகத் தெரியும். சில நாளில் அது வடியும். புதுக் கொலாஜனோ அப்போதுதான் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும். வீக்கம் வடிந்ததைப் பலன் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, இன்னொரு ‘பேக்கேஜ்’ வாங்கியவர்கள் உண்டு. சிகிச்சை முடிந்த கையோடு எடுக்கும் ‘பின்’ படமும் இந்த வீக்கத்தைத்தான் காட்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்று உயர்நிலை ஒன்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். முதல் படத்தில் தலை குனிந்து மேலிருந்து வெளிச்சம், இரண்டாவதில் மோவாய் உயர்ந்து முன்னாலிருந்து வெளிச்சம், கூடவே ஒரு சிறு புன்னகை. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே ஐந்து வயது குறையும்.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. கருத்த சருமத்தில் மெலனின் அதிகம். லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சுவதால் கரும்புள்ளி விழும் ஆபத்து கூடுதல். மீயொலிக்கு மெலனின் ஒரு பொருட்டே இல்லை. அந்த வகையில் இது நமக்கு ஒத்துவருவதுதான். ஆனால் நம்மவர்களில் பலரும் வயதான தோற்றம் என்று வருந்துவது கண்ணுக்குக் கீழே கருவளையத்தையும் கன்னத்து மங்கையும். அவை நிறமியின் பிரச்சினை. தோலை இறுக்கும் கருவி அவற்றைத் தொடாது. தவறான பூட்டுக்குச் சரியான சாவி வாங்கிய கதை.

புதிதாக உருவான கொலாஜனையும் வெயில் விட்டுவைக்காது. நம் வானிலை ஆய்வகம் மணிக்கொரு முறை புற ஊதாக் குறியீட்டை வெளியிடுகிறது. மேகம் குறைந்த நண்பகலில் அது 11ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டுவது அந்தக் கதிர்தான். சிகிச்சைக்கு இரண்டாயிரம் வெள்ளி கொடுத்துவிட்டு, சூரியத் தடுப்புக் களிம்பு பூசாமல் சாங்கி கடற்கரையில் மிதிவண்டி ஓட்டினால் பணம் எங்கே தங்கும்?

சிங்கப்பூரில் ஹைஃபு ஒரு மருத்துவச் சாதனம். தகுதி பெற்ற மருத்துவர்களே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் நிலைப்பாடு. 2008ல் மருத்துவர்களுக்காக வெளியான அழகியல் சிகிச்சை வழிகாட்டி, சிகிச்சைகளை ஆதாரத்தின் வலிமையைக் கொண்டு இரண்டு பட்டியல்களாகப் பிரித்தது. நல்ல யோசனை. அதே யோசனையை ஒப்புதல் படிவத்துக்கும் கொண்டுவரலாமே? சராசரியாக எத்தனை மில்லிமீட்டர், எத்தனை பேரில் எத்தனை பேருக்குப் பலன் தெரியவில்லை, எத்தனையாவது மாதத்தில் அளப்பார்கள் என்று மூன்று வரி போதும். ஒரு நிலையம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தயங்கினால் அங்கே அட்டையை நீட்ட வேண்டாம் என்பேன்.

ஸ்பா, அழகுச் சேவைகளுக்கு முன்பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால் ‘கேஸ்டிரஸ்ட்’ அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று பாருங்கள். அங்கே மனம் மாறினால் பணத்தைத் திரும்பப் பெற 5 நாள் அவகாசம் உண்டு. சிகிச்சைக்கு முந்தைய நாள் காலை உங்கள் வீட்டுச் சன்னல் அருகே நின்று, முடியைக் கட்டி, சிரிக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த படத்தை 90வது நாள், அதே சன்னல் அருகே, அதே நேரத்தில் எடுங்கள்.