ஏரி போய் பனிமலை வந்தது

ஏனாத்தூர்ப் பக்கம் பிளெக்ஸ் இல்லாமல் இப்போது ஒரு மஞ்சள் நீராட்டு நடப்பதில்லை. மாலை வெயில் இடது கன்னத்தில் விழும்படி ஏரிக்கரையில் நிறுத்தி எடுத்த படம் டிசைனர் கைக்குப் போனதும் ஏரி காணாமல் போகும். பின்னால் பனிமலை முளைக்கும். மலையில் வெயில் வலப்பக்கமிருந்து அடிக்கும்! நெற்றியோரப் பிசிறு முடியை மழித்து, மல்லிகைச் சரத்தில் பாதியை வெட்டி எறிந்திருப்பார்கள். அளவு பொருந்தாவிட்டால் அகலவாக்கில் ஒரு இழுப்பு. ஒல்லிப் பெண் இரண்டு சுற்று பருத்துவிடுவாள். மேலே வரிசையாகத் தாய்மாமன்கள் தலை. படம் எடுத்தவர் பெயருக்கு மட்டும் இடமிருக்காது.

"காசு கொடுத்தாச்சு, என் இஷ்டம்" என்பார்கள். பாதி சரிதான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். ஆனால் உரிமை கைமாறிய பிறகும், தன் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் படைத்தவர் தட்டிக்கேட்கலாம் என்கிறது 57ஆவது பிரிவு. டெல்லி விஞ்ஞான் பவனில் தான் அமைத்த சுவர்ச்சிற்பத்தை அரசு பெயர்த்துப் போட்டதற்கு எதிராக, சிற்பி அமர்நாத் சேகல் இந்தப் பிரிவை வைத்தே 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றார். 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

பேனருக்காக யாரும் கோர்ட் படியேறப் போவதில்லை. ஏறினால் அடுத்த முகூர்த்த ஆர்டர் போய்விடும். ஸ்டுடியோக்காரர்களே, அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பிரிண்டுக்குப் போகும் முன் டிசைனை எங்களுக்கும் வாட்ஸ்அப்பில் காட்டவும்.