கேட்பதும் தொண்டே

லிஸ்ப் என்னும் கணனி மொழியை 1958 இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தி வகுத்தார். இன்று பெருநிறுவனங்கள் பெரும்பாலும் வேறு மொழிகளையே நாடுகின்றன. எனினும் லிஸ்ப் அழியவில்லை. தொண்டர்களின் உழைப்பே அதற்குப் பெருந்துணை.

அத்தொண்டு நாளாந்தம் நடைபெறுவது. அடைப்புக்குறி ஒன்று இடம்மாறியதால் நிரல் பிழைக்கின்றது. புதியவர் கேட்கிறார், முன்பின் அறியாத ஒருவர் தம் ஓய்வுநேரத்தில் பிழையைச் சுட்டிக் காரணத்தையும் விளக்குகிறார். 1999 இல் தோன்றிய எஸ்.பி.சி.எல். என்னும் மொழித்தொகுப்பியைத் தொண்டர்களே இன்றும் திருத்தி, ஏறத்தாழ மாதந்தோறும் புதுப்பதிப்பாக வெளியிடுகின்றனர்.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டிருந்த நாம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். விடையளிப்பது மட்டும் தொண்டன்று. தெளிவாகக் கேட்பதும் தொண்டே. எதைச் செய்தோம், எதை எதிர்பார்த்தோம், எந்தப் பிழைச்செய்தி வந்தது என ஒழுங்காக எழுதப்பட்ட வினா, பின்வருவோருக்கும் வழிகாட்டும். விளக்கக் குறிப்பில் புரியாத வரியைக் காட்டவும் புதியவரே தகுந்தவர். நன்கறிந்தவரின் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

கணனி கற்கும் எம் பிள்ளைகள் பலர், "எமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்கின்றனர். வந்த புதிதில் எமக்குப் படிவம் நிரப்பித் தந்தவர் பேரறிஞரல்லர்; எமக்குச் சற்று முன்னர் வந்து சேர்ந்தவரே. இன்று ஒரு வினாவுக்கு விடை பெற்ற பிள்ளை, நாளை அதே வினாவுக்கு விடையளிக்கலாம். பெற்றோரே, அதற்கு அவர்களை ஊக்குவியுங்கள்.