பணவீக்கமும் பயணச் செலவும்: 2022 விட்டுச்சென்ற பாடங்கள்

விலைவாசி ஏறும்போது ஒரு குடும்பம் முதலில் இறைச்சியையும் மீனையும் குறைக்கின்றது. பின்னர் புத்தாடையைத் தள்ளிப்போடுகின்றது. பயணத்தை மட்டும் அவ்வாறு தள்ளிப்போட முடிவதில்லை. தொழிலுக்குச் செல்ல வேண்டும், பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும், மாதாந்த சிகிச்சைக்காக நோயாளி வைத்தியசாலையை அடைந்தாக வேண்டும். எனவேதான் பணவீக்கம் மிகுந்த நாடொன்றில் போக்குவரத்துச் செலவு என்பது ஏனைய செலவுகளுள் ஒன்றாக அன்றி, ஏனைய யாவற்றையும் தீர்மானிக்கும் செலவாக மாறிவிடுகின்றது. இவ்வுண்மையை இலங்கை மக்கள் 2022 ஆம் ஆண்டில் எந்தப் பொருளியல் நூலின் துணையுமின்றி உணர்ந்து கொண்டனர்.

அவ்வாண்டின் புள்ளிவிபரங்களை மீண்டும் ஒருமுறை நோக்குவது பயனுடையது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விடப்பட்டதும், 203 ரூபாவை அண்மித்திருந்த அமெரிக்க டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களை மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 டிசம்பர் இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாகவும், 121 ரூபாவாக இருந்த டீசல் 460 ரூபாவாகவும் உயர்ந்தன. பஸ் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் அவ்வருட ஜனவரியில் 14 ரூபாவிலிருந்து 17 ரூபாவாகி, பின்னர் 20, 27, 32 எனப் படிப்படியாக ஏறி, ஜூலை முதலாம் திகதி 40 ரூபாவை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் நூற்றுக்கு 69.8 வீதமாக உச்சத்தை அடைந்தது.

இவ்விலக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒரு விடயம் புலனாகும். டீசலின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, குறைந்தபட்சக் கட்டணம் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. ரயர், உதிரிப்பாகங்கள் என்பனவும் டொலரிலேயே இறக்குமதியாகின்றன. ஆகவே பயணி கட்டணத்தால் நசுங்கிய அதேவேளை, வண்டி உரிமையாளரும் நட்டத்தால் நசுங்கினார். விளைவு, கட்டணம் உயர்ந்தும் வண்டிகள் வீதிக்கு வரவில்லை. கிடைக்காத பொருளுக்கு அரசாங்கம் நிர்ணயிக்கும் விலை வெறும் இலக்கமே. அந்நாட்களில் உண்மையான கட்டணத்தை மக்கள் பணத்தால் மட்டுமன்றி நேரத்தாலும் செலுத்தினர். எரிபொருள் நிரப்பு நிலையத்தின் முன்னால் இரண்டு நாட்கள் காத்திருந்த முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அந்த இரண்டு நாட்களின் உழைப்பே எரிபொருளின் மறைமுக விலையாயிற்று. வரிசையில் நின்றவாறே முதியவர்கள் உயிரிழந்த துயரத்தையும் நாடு கண்டது.

சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவில் விழவில்லை. பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணத்தில் ஒருமுறை சென்று திரும்ப முன்னர் 28 ரூபா போதுமாயிருந்தது. 2022 ஜூலையில் அதற்கு 80 ரூபா தேவைப்பட்டது. அதாவது நாட்சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதத்திற்கும் குறைவாக இருந்த செலவு எட்டு வீதமாயிற்று. இதுவும் மிகக் குறுகிய தூரத்திற்கே. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கோ செல்வோரின் கணக்கு இதனிலும் பன்மடங்கு பெரியது. மண்ணெண்ணெயின் விலை 2022 ஆகஸ்டில் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, வடக்கு, கிழக்குக் கரையோரங்களின் சிறு மீனவருக்குக் கடலுக்குப் போவதே கட்டுப்படியாகாத பயணமாயிற்று.

இதில் பெரிதும் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. ரூபா வீழ்ந்தபோது டொலரையும் பவுணையும் கொண்டு வந்தவர்களுக்கு இந்நாடு மலிவானது. விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவருக்கு வான் ஒன்றை நாள் வாடகைக்கு அமர்த்துவது பெருஞ்செலவாகத் தோன்றவில்லை. ஆனால் எரிபொருள் அரிதாக உள்ள ஊரில் வாடகையைத் தீர்மானிப்பவர் அதிகம் கொடுக்கக் கூடியவரே. அதே வானை நோயாளி ஒருவருக்காகத் தேடிய அயல்வீட்டார் அந்த விலையோடு போட்டியிட நேர்ந்தது. இது யார்மீதும் சுமத்தும் குற்றமன்று. இரண்டு நாணயங்கள் ஒரே சந்தையில் புழங்கும்போது இயல்பாக நிகழ்வது. லெபனானிலும் சிம்பாப்வேயிலும் உள்ளூர் நாணயத்தில் சம்பளம் பெற்றோர் இதே நெருக்குதலைச் சந்தித்தனர். சிம்பாப்வேயில் 2008 இல் காலையில் செலுத்திய கட்டணம் மாலையில் வீடு திரும்பப் போதாமற்போன நிலையும் காணப்பட்டது.

வெளிநாட்டுப் பயணங்களும் தப்பவில்லை. மருத்துவத்திற்காகவும் தலயாத்திரைக்காகவும் தமிழகம் செல்வோருக்கு, சுமார் 2.70 ரூபாவுக்குக் கிடைத்த ஓர் இந்திய ரூபா நான்கரை ரூபாவைத் தாண்டியது. டொலர் நெருக்கடி காரணமாக அவ்வருடம் ஹஜ் யாத்திரையைக் கைவிடுவதாக 2022 ஜூன் ஆரம்பத்தில் ஹஜ் பயண முகவர் அமைப்புகள் அறிவித்தமை, பல்லாண்டுகள் சேமித்துக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களை எவ்வளவு கலங்கச் செய்தது என்பதை விபரிக்க வேண்டியதில்லை.

இந்நெருக்கடியை மக்கள் சமாளித்த விதம் கவனத்திற்குரியது. துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. யாழ்ப்பாணத்து மக்களுக்கு இது புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலின்றி, பழைய மோட்டார் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியும் துவிச்சக்கர வண்டியிலேயே நீண்ட தூரம் சென்றும் வாழ்ந்தவர்கள் அவர்கள். எனினும் மக்களின் தாங்குதிறனைப் புகழ்ந்துவிட்டு, நிர்வாகம் தனது கடமையிலிருந்து நழுவிவிட இடமளிக்கலாகாது.

அரசாங்கத்தின் நடவடிக்கைகளுள் பலனளித்தது, 2022 ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். குறியீட்டு முறையிலான எரிபொருள் அனுமதிப்பத்திரமே. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும் எனத் தொடங்கிய அம்முறை, வரிசைகளைக் கரையச் செய்தது. 2023 செப்டெம்பர் வரை நீடித்தது. பற்றாக்குறையின்போது விலையை மட்டும் ஏற்றுவதைவிட, உள்ளதைப் பங்கிடுவதே நியாயமானது என்பதை அது காட்டியது. அதன் குறைபாடு, தூரத்தைக் கணக்கிலெடுக்காமையாகும். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கர வண்டி, 5 லீற்றரில் வாரம் 125 கிலோமீற்றரே ஓடும். ஒரு நாளைக்கு 18 கிலோமீற்றர் நகரத்திற்கு ஓரளவு போதலாம். வைத்தியசாலையே 30 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிராமத்திற்குப் போதாது.

இன்று பணவீக்கம் தணிந்துவிட்டதே, இதைப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தது உண்மையே. ஆயின் பணவீக்கம் குறைவதென்பது விலை குறைவதன்று. விலை ஏறும் வேகம் குறைவதே. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த செலவு ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாவாயிற்று. மறு ஆண்டில் 172 ரூபாவாயிற்று. பழைய 100 ரூபாவுக்கு அது திரும்பவில்லை. குறைந்தபட்ச பஸ் கட்டணமும் 2024 ஒக்டோபரில் 27 ரூபாவாகக் குறைக்கப்பட்ட பின்னரும், நெருக்கடிக்கு முந்திய 14 ரூபாவின் இருமடங்கை அண்மித்தே நின்றது. சம்பளம் அதே அளவில் உயராதவருக்கு நெருக்கடி இன்னும் முடியவில்லை.

ஆகவே சில விடயங்கள் வற்புறுத்தப்பட வேண்டும். எரிபொருள் விலை ஏறும்போது விரைந்து ஏறும் கட்டணம், இறங்கும்போதும் அதே விரைவில் இறங்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் கட்டணப் பட்டியல் தமிழிலும் காணக்கூடியதாக ஒட்டப்படுவதும் பற்றுச்சீட்டு வழங்கப்படுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும். மாணவரின் பருவச்சீட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை வண்டிகளுக்கே செல்லுபடியாவதால், அச்சேவை குறைந்த கிராமங்களுக்கு மேலதிக வண்டிகள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்களைச் சேவையிடம் அலையவிடாது சேவையை மக்களிடம் கொண்டுசெல்வதே மிகச் சிறந்த போக்குவரத்து நிவாரணமாகும். பிரதேச வைத்தியசாலையில் மாதமொருமுறை நடைபெறும் விசேட சிகிச்சை முகாம் ஒன்று நூற்றுக்கணக்கான பயணங்களை மிச்சப்படுத்தும்.

பயணிகளும் தம் பங்குக்கு விழிப்பாயிருத்தல் நன்று. அலுவல்கள் பலவற்றை ஒரே பயணத்தில் முடிப்பது, புகையிரத ஆசனத்தை முற்கூட்டியே பதிவு செய்வது, முச்சக்கர வண்டியில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்வது என்பன சிறிய விடயங்களாயினும் பலன் தருவன. உம்றாவுக்கோ தலயாத்திரைக்கோ முற்பணம் செலுத்துவோர், மீதித் தொகை எந்த நாணயத்தில், எந்தத் திகதியின் மாற்று வீதத்தில் கணக்கிடப்படும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். ரூபா தடுமாறும் காலங்களில் பல பிணக்குகள் இந்த ஒரு வரி எழுதப்படாமையாலேயே எழுகின்றன.

எரிபொருளை இறக்குமதி செய்து வாழும் சிறு நாடு நாம். உலகின் ஏதோவொரு மூலையில் வெடிக்கும் யுத்தம் நமது கிராமத்துப் பஸ் கட்டணத்தை மாற்றிவிடும் என்பதை 2022 தெளிவாகக் காட்டியது. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என எவராலும் கூற இயலாது. அது வரும்போது, தூரத்து நோயாளியும் தோட்டத்துத் தொழிலாளியும் மீண்டும் வரிசையின் கடைசியில் நிறுத்தப்படாதிருப்பதற்கான ஏற்பாடுகளை, நிலைமை சீராக உள்ள காலத்திலேயே செய்துகொள்வதுதான் விவேகமாகும்.